வாவிக் கரையில் ஒரு வழி

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)





ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று மன்றத்துச் செயலாளர் என்னை அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். துவிச்சக்கர வண்டி ஓடும் பாதையொன்றைப் பற்றி என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சேர், நம்ம வட்டவளையில் சைக்கிள் ஓட்ட இடம் ஏது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்றைய எனது பேச்சின் தொடக்கம். சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேச என்னிலும் தகுதியுடையோர் இம்மேடையில் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் எனக்குத் தெரிந்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லி அமர்கிறேன்.

நுவரெலியா நகரைப் பாராதவர் இங்கே சிலரே இருப்பர். அங்கே கிரகரி வாவி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், சுற்றிலும் மலைகள் சூழ, நடுவே தட்டில் நீர் வார்த்தாற்போலக் கிடக்கிறது அந்த வாவி. அது இயற்கையாய் அமைந்ததன்று. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராயிருந்த சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டளவில், அங்கிருந்த சதுப்பு நிலத்தை நீர்நிலையாக்கினார்கள். 1881இல் அதில் டிறவுட் மீன்களை விட்டார்கள். 1913இல் அந்த நீரைச் சுரங்கவழியே கொண்டுசென்று, நானுஓயாவுக்குச் செல்லும் வழியிலே மின்சாரம் எடுத்தார்கள். சேறும் கோரையுமாய்க் கிடந்த ஓரிடம், மனிதர் நினைத்துச் செய்த காரணத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாகவும் ஊருக்குப் பயனாகவும் ஆயிற்று என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாவியின் ஒரு புறமாகப் பதுளை வீதி செல்கிறது. கரையோரப் பூங்காவிலோ தளமிட்ட பாதை உண்டு. மணிக்கணக்கில் துவிச்சக்கர வண்டிகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மேடு பள்ளம் இல்லை. ஒரு பக்கம் நீர், மறு பக்கம் புல்வெளியும் மரங்களும். மலைநாட்டிலே பிறந்த நமக்கு ஏறுவதும் இறங்குவதுமே பழக்கம். மூச்சு வாங்காமல், முழங்கால் நோகாமல், சமநிலத்தில் சக்கரம் உருண்டு செல்வது எத்தகைய இன்பம் என்பது அங்கே ஒரு முறை சென்றவருக்குத்தான் தெரியும்.

வாவியிலிருந்து அதிக தூரமில்லாமல், ஹாவாஎலியப் பக்கத்திலே, கல்வேஸ் லேண்ட் தேசிய வனம் இருக்கிறது. 1938இல் சரணாலயமாக்கப்பட்டு, 2006இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்டது. யால, வில்பத்து என்று பெரிய காடுகளை எண்ணிக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். முப்பது ஹெக்டயாருக்கும் குறைந்த சிறு காடு அது. ஆயினும் பறவைகளுக்கு அது பெரிய வீடு. நமது மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் காணக்கிடையாத சில பறவைகள் அங்கே உண்டு. இன்னும் சில, பனிக்காலத்திலே இமயமலைப் பக்கத்திலிருந்து பறந்து வருகின்றன. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒரு சிறு குருவி. உள்ளங்கையில் அடங்கும் உருவம். அது பாரதம் முழுவதையும் கடந்து, கடலையும் தாண்டி, நுவரெலியாக் குளிரிலே தங்கிவிட்டுத் திரும்புகிறது. நீ எந்த நாட்டுக் குருவி, பத்திரம் எங்கே என்று அதை யாரும் கேட்பதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னே விளங்கும்.

இந்தக் காடெல்லாம் எப்படித் தப்பியது என்பதும் இளைஞர் அறியவேண்டிய செய்தி. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையாக்கப்பட்ட காலத்திலே, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடலாகாது என்று சேர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் 1873இல் பிரித்தானிய அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். மலையுச்சியிலே காடு நின்றால்தான் கீழே ஆறு ஓடும் என்ற உண்மை அன்றே உணரப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் கொடுக்கும் ஹோட்டன் சமவெளி இன்றும் பச்சையாயிருப்பதற்கு அந்த ஆலோசனையும் ஒரு காரணம். அச்சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாயிற்று.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் இளைஞர் பதினான்கு பேரும் பெரியவர் மூவருமாக நுவரெலியாவுக்குச் சென்றோம். பெரியவர்களுள் ஓர் அம்மாள். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். தலையிலே கயிறு போட்டுக் கூடை சுமந்த தடம் இன்னும் அவர் நெற்றிக்கு மேலே இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பேத்தியைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். பிள்ளைகள் வண்டிகளை எடுத்துக்கொண்டு பாதையிலே இறங்கினார்கள். பேத்தியும் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பொழுது அந்த அம்மாள் என் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், இதுல நாங்களும் போகலாமுங்களா? யாரும் ஏசமாட்டாங்களா?"

நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று. வாடகையும் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் பொதுவான பாதை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி வந்தது. அவரை நான் குறை கூறவில்லை. எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது என்று பிறர் சொல்லிக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். பங்களாப் பாதையில் காலடி வைக்கத் தயங்கியது எனக்கும் நினைவிருக்கிறது. வழியில் துரையின் வாகனம் வந்தால் ஓரமாய் ஒதுங்கி, வடிகாலுக்குள் இறங்கி நின்றதும் நினைவிருக்கிறது.

பெரியோர்களே! இந்த மலைநாட்டு வீதிகளைப் போட்டவர் யார்? 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த ரயில்பாதைக்கு மலையைக் குடைந்தவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் கைகள் அந்த வேலையிலே எவ்வளவு தேய்ந்தன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமென்பதில்லை. கல் உடைத்தவர் நம்மவர். மண் சுமந்தவர் நம்மவர். அப்படியிருந்தும் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒப்பந்தங்கள் வந்தன, குடும்பங்கள் பிரிந்தன, கப்பலேறினார்கள். எஞ்சியிருந்த நாடற்றோரின் குறை தீரும்படி 2003இல் ஒரு சட்டம் நிறைவேறியது. சட்டத்திலே உரிமை வந்துவிட்டது. ஆனால், "யாரும் ஏசமாட்டாங்களா?" என்ற கேள்வி இன்னும் நம் நாவிலே தங்கியிருக்கிறது. அந்தச் சிறு குருவிக்கு இல்லாத தயக்கம் நமக்கு ஏன் இருக்கவேண்டும்? சட்டத்தினால் மட்டும் போகக்கூடியதன்று அந்தத் தயக்கம். பொதுப் பாதையிலே நாமும் நம் பிள்ளைகளும் நிமிர்ந்து போய் வந்தால்தான் அது போகும். ஆகையினாலேதான் ஒரு துவிச்சக்கர வண்டிப் பாதையைப் பற்றி இந்த மேடையிலே பேசத் துணிந்தேன்.

பெரியவர்கள் சிலர் மனத்திலே ஒரு மறுப்பு எழுவதை நான் அறிவேன். "வண்டியொன்று வாங்கினால் ஒரு தொழிலாளியின் ஒரு மாத வருமானம் போய்விடும். லயத்துக் கூரை ஒழுகுகிறது. இதிலே உல்லாசச் சவாரி ஒரு கேடா?" என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு என் வாழ்க்கையிலிருந்தே ஒரு விடை சொல்கிறேன்.

நான் படித்த காலத்திலே பாடசாலைக்கு நாலு மைல் நடக்கவேண்டும். என்னோடு ஒரு நண்பன் நடந்து வருவான். கணக்கிலே என்னை விடக் கெட்டிக்காரன். மழைக்காலம் வந்தால் இருவரும் நனைந்தே போவோம். நனைந்த உடையோடு வகுப்பில் இருப்போம். எட்டாம் வகுப்பிலே அவனுக்குச் சளிக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் வரவில்லை. பிறகு அவன் வரவே இல்லை. மலையிலே பேர் பதிந்து வேலைக்குப் போய்விட்டான். என் மாமா ஒருவர் நாவலப்பிட்டியிலிருந்து பழைய வண்டியொன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். போகும்போது தள்ளிக்கொண்டு ஏறுவேன். வரும்போது ஏறி அமர்ந்து வருவேன். அந்தப் பாதி வழிதான் என்னைப் படிப்பிலே நிறுத்தியது. எனக்கு ஒரு வண்டி கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. எங்களிருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். ஐம்பது வருடமாகியும் இதை நினைக்காமல் அந்தத் திருப்பத்தை என்னால் கடக்க முடிவதில்லை.

இது என் ஒருவனுடைய கதையாய் இருந்தால் விட்டுவிடலாம். நம் பாட்டன்மார் புறப்பட்டு வந்த இடங்களுள் புதுக்கோட்டையும் ஒன்றல்லவா? அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்பித்தவர்கள், அதனோடு பெண்களுக்குத் துவிச்சக்கர வண்டி ஓட்டவும் கற்பித்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஊர் சிரித்தது. 1992இல் மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வண்டிகளில் ஊர்வலம் வந்தபோது, சிரித்த ஊர் வழிவிட்டு நின்றது. தமிழ்நாட்டு அரசு 2001இல் தொடங்கிப் பாடசாலை மாணவியருக்கு வண்டிகளை இலவசமாகக் கொடுத்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தது. அங்கே ஆராய்ந்த அறிஞர்கள், அந்த ஒரு காரியத்தால் உயர்வகுப்பிலே சேரும் பெண்களின் தொகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடியதென்று கண்டார்கள். பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் மிகுந்த ஊர்களிலேதான் அந்தப் பயன் மிகுதியாய் இருந்தது. நமது தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு உண்டோ?

வண்டி மட்டும் இருந்தால் போதாது. அஞ்சாமல் ஓட்டும் வழியும் வேண்டும். ஹொலந்து தேசத்தைத் துவிச்சக்கர வண்டிகளின் நாடு என்கிறார்கள். அங்கேயும் பாதைகள் தாமாக முளைத்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டு வீதிகளிலே சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து, குழந்தைகளின் சாவை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள். அதன் பிறகே தனிப் பாதைகள் பெருகின. கனடா தேசத்திலே பான்ஃப் என்ற தேசிய வனம் 1885இல் தொடங்கியது. அதன் 125ஆம் ஆண்டு நினைவாக 2010இல் ஒரு பாதையை அமைத்தார்கள். கன்மோர் என்ற நகரிலிருந்து பான்ஃப் நகர் வரை இருபது கிலோமீற்றருக்கு மேல் தளமிட்ட பாதை. பெருந்தெருவை ஒட்டியே செல்லும். ஆனால் வாகனங்கள் அதில் வாரா. ஆண்டு நிறைவுக்குக் கல்லிலே பெயர் வெட்டாமல் பிள்ளைகள் ஓடும் பாதையொன்றைப் போட்டார்களே, அந்த எண்ணத்தை நான் மெச்சுகிறேன்.

இனி நமது வட்டவளைக்கு வருவோம். இங்கே உள்ள இடர்கள் மூன்று. முதலாவது மழை. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஊர் நமது ஊர். இரண்டாவது சரிவு. மூன்றாவது, அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு நம் ஊடாகவே போகிறது. பஸ்ஸும் லொறியும் பனிமூட்டத்திலே வளைவு தெரியாமல் வருகின்றன. அதிலே சிறுவர் வண்டி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்கமாட்டேன்.

ஆனால் வழி இல்லாமற் போகவில்லை. மலைநாட்டு ரயில்பாதையை எண்ணிப் பாருங்கள். மலையை வளைத்து வளைத்துப் போட்ட அந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே 44 அடிக்கு ஓரடிதான். தேயிலைத் தோட்டத்து வீதிகளிலும், மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் செல்லும் துண்டுகள் உண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் அந்த வழிகளை உங்களிலும் நன்றாய் அறிந்தவர் யார்? அண்மைக் காலத்திலே, பழைய தோட்டத்துப் பாதைகளையெல்லாம் இணைத்து, கண்டிப் பக்கத்து ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழியொன்றை அமைத்திருக்கிறார்கள். பீக்கோ வழி என்று அதற்குப் பெயர். கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று நம் ஊர்களின் ஊடாகவே அது செல்கிறது. வெளிநாட்டார் கடல் கடந்து வந்து நம் பாட்டிமார் நடந்த பாதையிலே நடக்கிறார்கள். நாம் மட்டும் அதை வேலைக்குப் போகும் வழியென்றே எண்ணிக்கொண்டிருக்கலாமா?

ஆகையால் மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மன்றத்துக்கென்று நான்கு வண்டிகளேனும் வாங்கவேண்டும். புதியவை வேண்டாம், பழுது பார்த்த பழையவை போதும். விடுமுறை நாட்களிலே விளையாட்டு மைதானத்தில், ஆண் பெண் என்ற பேதமின்றிப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். இரண்டாவது, தோட்டத்துக்குள்ளே மட்டமான ஒரு துண்டு வீதியைத் தெரிந்து, நிருவாகத்திடமும் பிரதேச சபையிடமும் முறைப்படி எழுதிக் கேட்டு, அதைச் செப்பனிட்டுப் பேணவேண்டும். வீதியைக் கெடுப்பது சக்கரம் அன்று, நீர். ஓரத்து வடிகாலிலே இலை அடைத்தால் நீர் வீதியின் மேல் ஏறும். ஏறிய நீர் மண்ணை அரிக்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின்போது, நீர் போக வழியில்லாத மலைச்சரிவு என்ன செய்யும் என்பதை இந்த நாடு முழுவதும் கண்ணீரோடு பார்த்தது. மாதம் ஒரு முறை மண்வெட்டியோடு வடிகால் துப்புரவு செய்வது இளைஞருக்கு ஏற்ற சிரமதானம். மூன்றாவது, வருடந்தோறும் தை மாதத்தில், மழை குறைந்த நாளொன்றிலே, கிரகரி வாவிக்கு ஒரு பயணம். தேரோடு வீதி வலம் வருகிறோம். குளத்தை வலம் வருகிறோம். அந்த வாவிக் கரையையும் ஒரு முறை குடும்பத்தோடு சுற்றி வந்தால் குறைந்துபோக மாட்டோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மலையிலே ஏறத் தெரிந்தவனை விட நிறுத்தத் தெரிந்தவனே சிறந்த ஓட்டி. இரண்டு பிறேக்கும் பிடிக்கின்றனவா என்று பாராமல் வண்டியில் ஏறாதீர்கள். மழையில் நனைந்த பிறேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்லப் பிடியுங்கள். வளைவில் பாசியும் சருகும் வழுக்கும். பனிமூட்டத்தில் பகலிலும் விளக்கு வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். ஒரு முறை பிறேக் தேய்ந்த வண்டியிலே, "பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்கி, தேயிலைச் செடிக்குள் நான் தலைகுப்புற விழுந்திருக்கிறேன். குற்றம் வண்டியுடையதன்று, என்னுடையது. அந்தத் தழும்பு இன்னும் இந்த முழங்கையில் இருக்கிறது. காட்டோரம் போகும்போது சத்தம் வேண்டாம். தின்ற பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வையுங்கள். பாதை நம்முடையது என்று உரிமை பாராட்டுகிறவன், அதன் குப்பையும் தன்னுடையதே என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

அந்த அம்மாளின் கதையை முடிக்காமல் விட்டேன். "போகலாம் அம்மா, யாரும் ஏசமாட்டார்கள்" என்றேன். பேத்தியை வண்டியில் ஏற்றினோம். பாட்டி பின்னாலிருந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். முப்பத்தொரு வருடம் மலை ஏறிய கால்களல்லவா? இருபது முப்பது யார் தூரம் சென்றதும் பிள்ளை, "அம்மாயி, விட்ராதீங்க!" என்று கத்தினாள். ஆனால் அவர் ஏற்கெனவே கையை எடுத்துவிட்டிருந்தார். பிள்ளை தானாகவே போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் நானுஓயாவிலே தேநீர் குடித்தபோது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அடுத்த வருசம் எப்ப சேர் போறோம்?" போகலாமா என்று அவர் கேட்கவில்லை, எப்பொழுது என்றுதான் கேட்டார். அவருக்கு நான் கொடுக்கவேண்டிய விடை, இளைஞர்களே, இப்பொழுது உங்கள் கையிலே இருக்கிறது.